கீழே போடத் தெரியாத கை

உட்காரும்போது என் முழங்கால் வலிப்பதில்லை ஐயா. எழுந்திருக்கும்போதுதான் வலிக்கும். அதனால்தான் நீங்கள் நாற்காலியைக் காட்டியதும் தயங்காமல் உட்கார்ந்துவிட்டேன். மரியாதை தெரியாதவன் என்று நினைக்க வேண்டாம். இதற்குக் கைப்பிடி இருக்கிறது, நல்லது. எழும்போது ஊன்றிக்கொள்ளலாம்.

கதவைச் சாத்திவிட்டு நீங்கள் முதலில் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. "மூட்டை தூக்கினவரு நீங்க. ஒரே ஒரு பயிற்சிதான் செய்யலாம்னா எதைச் சொல்வீங்க?" என்று கேட்டீர்கள். என்னைப் பேச வைப்பதற்காகக் கேட்டதாக இருக்கலாம். ஆனால் உங்கள் சட்டை தோளில் இறுக்குகிறது, வயிற்றில் தொளதொளக்கிறது. நீங்களும் பளுதூக்கும் கம்பியை, அந்தப் பாரைப் பிடிக்கிறவர்தான். அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். என் தம்பியும் இதே கேள்வியைத்தான் கேட்டான். அவனுக்கு நான் சொன்னது சரியான பதில். விஷயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

நாங்கள் சரக்குக் கிடங்கில் சுமை தூக்குகிறவர்கள். சிமெண்ட், சர்க்கரை, மாவு, சில நாள் இரும்புக் கம்பிக் கட்டு. வேலை ஜோடி ஜோடியாகத்தான். ஒருவன் லாரி மேல் நின்று மூட்டையை விளிம்புக்கு இழுத்து, கீழே நிற்பவன் முதுகில் சாய்ப்பான். கீழே நிற்பவன் கிடங்கு வாசலுக்குச் சாய்த்துப் போட்ட பலகை மேல் ஏறி உள்ளே கொண்டுபோய் அடுக்குவான். பாதி லாரி ஆனதும் இடம் மாற வேண்டும். மேலே நின்றவன் இறங்கிச் சுமக்க வேண்டும், சுமந்தவன் ஏறி இழுக்க வேண்டும். ஜோடி இல்லாதவனை மேஸ்திரி கூப்பிட மாட்டார். அவன் எவ்வளவு பழைய ஆளாக இருந்தாலும் வாசலில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என் ஜோடி என் தம்பி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என் வீட்டில் வளர்ந்தவன். கிடங்கில் அவனுக்கு ஜாக்கி என்று பெயர். ஒரு தடவை லாரிக்கு டயர் மாற்றும்போது ஜாக்கி கிடைக்கவில்லை, இவன் தோள் கொடுத்துத் தூக்கி நிறுத்தினான் என்று கதை. பாதி உண்மை. லாரி இல்லை, டெம்போ. அதுவும் காலி டெம்போ. ஆனால் தூக்கினான்.

எங்கள் கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூட்டை கீழே விழுந்தால் கிழியும். கிழிந்தால் கூலியில் பிடிப்பார்கள். வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே உடம்பு இதைக் கற்றுக்கொள்ளும். கால் வழுக்கினாலும் கை விடாது. நாங்கள் விழுவோம், மூட்டை எங்கள் மேல் பத்திரமாக விழும். கட்டை என்று ஒருவன் எங்களோடு இருக்கிறான், குள்ளம், ஆனால் அகலம். பலகை உடைந்து அவன் விழுந்தபோது மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டே விழுந்தான். ஓடிவந்த மேஸ்திரி முதலில் தடவிப் பார்த்தது மூட்டையை. "உனக்கு ஒண்ணும் ஆகலையேப்பான்னு மூட்டைகிட்ட கேட்டாருடா" என்று ஒட்டகம் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். ஒட்டகம் கட்டையின் ஜோடி. உயரமானவன், வாய் ஓயாதவன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய அச்சகக் கொட்டகை ஒன்றில் பளுதூக்கும் கூடம் இருக்கிறது. இப்போது நீங்கள் பூட்டுப் போட்டு வைத்திருக்கும் அதே கூடம்தான். அதை நடத்துகிறவரைக் கோச்சக்கா என்போம். ஒரு காலத்தில் போட்டிகளில் தூக்கியவர். கழுத்து காதிலிருந்தே ஆரம்பிக்கும். பொம்பளை என்ன சொல்லித்தரப்போகிறாள் என்று கட்டை ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனான். அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஒரு முனையை அவனோடு சேர்த்துத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு அவனும் அக்கா என்றான்.

தம்பி வேலை முடிந்து அங்கே போய்வந்துகொண்டிருந்தான். அது எனக்குத் தொந்தரவாக இல்லை. பலம் ஏறினால் நல்லதுதானே, அடுத்த நாள் கிடங்குக்குத்தானே வருகிறது என்று இருந்தேன்.

பிறகுதான் அந்தத் தொழிற்சாலைச் செய்தி வந்தது. வேறு நகரத்தில் இருக்கும் பெரிய தொழிற்சாலை, தன் பளுதூக்கும் அணிக்கு ஒரு ஆளை எடுக்கப்போகிறது. எடுத்துக்கொண்டால் அங்கேயே ஸ்டோரில் வேலை, மின்விசிறிக்குக் கீழே. தங்க அறையும் உண்டு. அணி மேனேஜர் கூடத்துக்கே வந்து பார்ப்பார். ஆளுக்கு ஒரே தூக்கு. எதைத் தூக்குவது என்பது அவனவன் இஷ்டம். அந்த ஒரு தூக்கில் மொத்த உடம்பின் பலமும் வேகமும் தெரிய வேண்டும் என்றார்கள்.

நாளெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு வருகிறவனுக்கு நாலு பயிற்சி பழகத் தெம்பு இருக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று சாப்பிடும்போது கேட்டான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான். எதைப் பிடிக்கட்டும்?"

"கோச்சக்கா என்ன சொல்றாங்க?"

"டெட்லிஃப்ட். மூட்டைக்காரன் முதுகு அதுக்குன்னே அளவெடுத்துத் தைச்சதாம்."

"நீ என்ன நினைக்கிற?"

"நான் எதுக்கு நினைக்கணும்? அதான் நீ இருக்கியே."

என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "எடுத்துட்டாங்கன்னா அங்கேயே போயிடுவியா?" என்று கேட்டாள்.

"மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போறேன் அண்ணி."

"அப்ப மாசத்துக்கு ஒரு அழுக்கு மூட்டை வரும்னு சொல்லு. அதை யாரு சுமக்கிறது?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

ஐயா, இதற்கு முன்னால் நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. என் முழங்கால் போய் ரொம்ப நாளாகிறது. பாதி லாரி ஆனதும் நான் கீழே இறங்குவதில்லை. முழு லாரியையும் அவன்தான் சுமந்தான். நான் மேலே நின்று இழுத்துக் கொடுத்தேன். மேஸ்திரி தலை தெரிந்தால் அவன் தாவி மேலே ஏறிக்கொள்வான், நான் இறங்கி ஒரு மூட்டைக்கு முதுகைக் காட்டி நிற்பேன். மேஸ்திரி போனதும் மறுபடி மாறிக்கொள்வோம். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஒருநாள் நான் இறங்கப் போனபோது, "இருண்ணே, நானே பாத்துக்கிறேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. கட்டைக்கும் ஒட்டகத்துக்கும் தெரியும். அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

அவன் போய்விட்டால் அடுத்த நாள் காலை நான் கிடங்கு வாசலில் தனியாக நிற்பேன். எனக்காக முழு லாரி சுமக்க இன்னொருவன் எங்கே கிடைப்பான்?

போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் நின்றிருப்பான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் சொல்லவில்லை. அண்ணன் காலுக்காகத் தம்பி தன் வாழ்க்கையை விட்டுவிட்டான் என்று கிடங்கு முழுக்கப் பேசும். அவன் பேச மாட்டான், ஆனால் என் முழங்காலைப் பார்ப்பான். தினமும் பார்ப்பான். அந்தப் பார்வைக்குக் கீழே உட்கார்ந்து சோறு தின்ன என்னால் முடியாது. நான் குடும்பத்தில் மூத்தவன் ஐயா.

எனவே யோசித்தேன். கூடத்துக்குப் போய் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பயிற்சியையும் நிதானமாகப் பார்த்தேன். டீக்கடையிலும் இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"பெஞ்சுல படுத்துக்கிட்டுத் தள்ளுறதெல்லாம் ஒரு வேலையா? படுத்தா எனக்குத் தூக்கம்தான் வரும்" என்றான் ஒட்டகம்.

"உனக்கு நின்னாலும் வரும்" என்றான் கட்டை. "ஜாக்கி, நீ உக்காந்து எழுந்திரிக்கிறதைப் பண்ணு. கால்தான்டா ஆளு."

"ஆமா, உனக்கு உக்காந்தாலும் நின்னாலும் ஒரே உயரம். நீ சொல்லு."

அவர்கள் பேச்சில் விஷயம் இல்லை. நான் பார்த்த விதம் வேறு.

பெஞ்சில் படுத்துத் தள்ளுவது நெஞ்சுக்கும் கைக்கும் நல்லது, ஆனால் கால் சும்மா கிடக்கும். தவிர, கோச்சக்கா பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்திருந்தார். முடியாமல் போனால் பார் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை ஒதுக்கினேன்.

தோளில் பார் வைத்து உட்கார்ந்தெழும் ஸ்குவாட் பெரிய பயிற்சிதான். பலத்துக்கு அதுவே போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் மெதுவான தூக்கு, வேகத்தைக் காட்டாது. அதையும் கூண்டுக்குள் வைத்துத்தான் செய்கிறார்கள். எழ முடியாதவன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டால் கூண்டின் கம்பி பாரை வாங்கிக்கொள்ளும். அதையும் ஒதுக்கினேன்.

கோச்சக்கா சொன்ன டெட்லிஃப்ட், தரையிலிருந்து இடுப்பு வரை. வெறும் பலத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. என் தம்பி அதில் ஜெயித்திருப்பான். ஆனால் முடியாமல் போனால் ஒன்றுமே ஆகாது. பார் தரையில் இருக்கும், நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள். ஒதுக்கினேன்.

மிஞ்சியது கிளீன் அண்ட் ஜெர்க். எங்கள் ஆட்கள் வாயில் அது தலைத்தூக்கு. தரையிலிருந்து தோளுக்கு ஒரே இழுப்பு. தோளிலிருந்து தலைக்கு மேல் ஒரே தள்ளு. கால், இடுப்பு, முதுகு, தோள், கை எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று நம்பி வேலை செய்ய வேண்டும். பலம் இருந்து வேகம் இல்லாவிட்டால் ஏறாது. வேகம் இருந்து பலம் இல்லாவிட்டால் நிற்காது. ஒரே ஒரு பயிற்சி என்றால் இதுதான் ஐயா. உங்களுக்கும் இதையே சொல்வேன், மனமறிந்து சொல்வேன். இதற்குக் கூண்டு கிடையாது, தாங்கி கிடையாது. தலைக்கு மேல் போன பார் தவறினால் தப்பிக்க ஒரே வழிதான் இருக்கிறது. கையை விட்டுவிட்டு விலக வேண்டும்.

எங்கள் கையைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அவன் தோற்றால் போதுமே என்று முதலில் நினைத்தேன். ஆனால் தோற்றவன் மறுபடி பழகுவான், மறுபடி போவான். என் தம்பி அப்படிப்பட்டவன். ஒவ்வொரு தடவையும் நான் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

"தலைத்தூக்கு பண்ணு. பலம், வேகம் ரெண்டும் அதுலதான் தெரியும்" என்று சொன்னேன். மேனேஜர் எதைப் பார்க்க வருகிறாரோ அது அப்படியே இருக்கிறது என்று விளக்கினேன். நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை.

கோச்சக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "போடத் தெரியாதவனைத் தலைக்கு மேல தூக்க விடமாட்டேன்" என்றார். இவன் கெஞ்சினான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் போடக் கற்றுக்கொள்ள வேண்டும், தூக்குவது அப்புறம்.

"போட்டா உடையாதாக்கா?"

"ரப்பர் தட்டுடா. போடாம நின்னா உன் மண்டைதான் உடையும். ம், போடு."

அவன் வெறும் பாரைத் தலைக்கு மேல் தூக்கி, மெதுவாகத் தோளுக்கு வாங்கி, குனிந்து, சத்தமில்லாமல் தரையில் வைத்தான். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"தொட்டில்ல குழந்தையைப் போடுறான் பாரு. அப்படியே தாலாட்டும் பாடிடு" என்றார் அக்கா. "போடுன்னா போடணும். விட்டுட்டுப் பின்னால குதி. திரும்ப."

பல நாள் ஆயிற்று. அவன் மூளை விடச் சொல்லும், விரல் கேட்காது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சாயங்காலம் நல்ல கனத்தோடு தூக்கி நிறுத்தினான், சட்டென்று கையை விரித்துப் பின்னால் குதித்தான். பார் விழுந்து தரை அதிர்ந்தது. அவன் சிரித்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒன்றைக் கீழே போட்டவனின் சிரிப்பு அது. அக்கா முதுகில் ஒரு அறை விட்டார். நான் ஸ்டூலை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் கிடங்கில், பலகையில் கொஞ்சம் வழுக்கியதும், சர்க்கரை மூட்டையை விட்டுவிட்டான். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. மூட்டை வாய் பிளந்து லாரிச் சக்கரம் வரை சர்க்கரை ஓடியது.

"என்னடா ஜாக்கி, தூங்குறியா?" மேஸ்திரி கத்தினார்.

"கையே விட்டுடுச்சு அண்ணே" என்று என்னிடம்தான் சொன்னான். பயந்திருந்தான்.

அதை நான் பயன்படுத்திக்கொண்டேன். அன்று வீட்டில் அவனை உட்கார வைத்துச் சொன்னேன். "தொழிற்சாலை ஆளு ஒருத்தனை விசாரிச்சேன். கீழ போட்டா கணக்குல எடுக்க மாட்டாங்களாம். கட்டுப்பாட்டைப் பாப்பாங்களாம். தலைக்கு மேல நிறுத்தி, தோளுக்கு இறக்கி, தோள்லேருந்து தரையில வைக்கணுமாம். நம்ம பண்ற மாதிரி."

"அக்கா அப்படிச் சொல்லலையே?"

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நீ போய்க் கேட்காதே. எல்லார் முன்னாடியும் கேட்டா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

அவன் கேட்கவில்லை. யாரையும் சங்கடப்படுத்தாதவன் அவன். என்னையே சங்கடப்படுத்தாமல் முழு லாரி சுமந்தவன். அதை எண்ணிப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன். இது பொய்தான். நான் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

கூடத்தில் அக்கா முன்னால் கீழே போட்டான். வீட்டுக் கொல்லையில், குழாயில் சிமெண்ட் டப்பா மாட்டி, இறக்கப் பழகினான். நான் எதிரில் நின்று "மெல்ல, மெல்ல" என்று சொல்வேன். பலகையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அதுதான். டப்பா கனமில்லாதது, அதனால் நன்றாகவே வந்தது. அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என் மனைவி கொல்லைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணனும் தம்பியும் எவ்வளவு ஒற்றுமை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

இருந்தாலும் அந்த நேரத்தில் விரல் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு தடவை விட்டுப் பழகிய விரல் இன்னொரு தடவையும் விடும். தேர்வுக்கு முந்தின நாள் இரும்புக் கம்பிக் கட்டு லாரி வந்தது. அது கையை உரிக்கும் சரக்கு, யாரும் லேசில் எடுக்க மாட்டார்கள். "நாங்க எடுத்துக்கிறோம்" என்று நான் மேஸ்திரியிடம் சொன்னேன். ஒட்டகம்கூட, "நாளைக்கு அவனுக்குத் தேர்வு இருக்கே, நாங்க பாத்துக்கிறோமே" என்றான். பரவாயில்லை என்றேன். வேலை முடிந்தபோது தம்பியின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் பிய்ந்திருந்தது.

மறுநாள் வீட்டிலிருந்த பழைய வெள்ளைப் போர்வையைப் பட்டை பட்டையாகக் கிழித்து எடுத்துக்கொண்டேன். கோச்சக்கா மேனேஜரோடு கூடத்தின் அந்தக் கோடியில் மேஜைக்குப் பின்னால் இருந்தார். அவரவர் கூட வந்தவர்கள், பிடி வழுக்காமல் இருக்கக் கைக்குப் பொடி தடவி அனுப்பலாம் என்று விட்டிருந்தார்கள். நான் பார் பக்கத்தில் மண்டியிட்டேன். அன்று முழங்கால் எனக்கு வலித்த மாதிரி என்றைக்கும் வலித்ததில்லை. அவன் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி, பாரில் சுற்றி, முடிந்தேன். மேலே பொடியைத் தாராளமாகப் பூசினேன். வெள்ளைத் துணி, வெள்ளைப் பொடி. தூரத்திலிருந்து பார்த்தால் பூசிய கை என்றுதான் தெரியும்.

"அண்ணே, கட்டிட்டா விட முடியாதே" என்றான்.

"எதுக்கு விடணும்?"

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அதானே" என்றான்.

அவன் தோற்கவில்லை ஐயா. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். தோளுக்கு வந்தபோது கொஞ்சம் தடுமாறினான், நிமிர்ந்தான், மூச்சை இழுத்தான், தள்ளினான். பார் தலைக்கு மேல் போய் அசையாமல் நின்றது. நான் என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான தூக்கைப் பார்த்ததில்லை. மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். "எடுத்தாச்சுப்பா, எடுத்தாச்சு! கீழ போடு" என்றார். தேர்வு முடிந்துவிட்டது. அவனை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"போடுடா!" என்று கோச்சக்கா கத்தினார். கட்டையும் ஒட்டகமும் வந்திருந்தார்கள், அவர்களும் போடு போடு என்று கத்தினார்கள். அவன் கண் மட்டும் திரும்பியது. அத்தனை பேர் கத்தும்போதும் அவன் என்னைத்தான் பார்த்தான். போடலாமா என்று கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அப்போதும்கூட வழி இருந்தது. நான் ஓடிப்போய் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்கலாம். கட்டையைப் பார்த்து ஒரு கத்தல் கத்தியிருந்தால் அவன் மறுபக்கத்தைப் பிடித்திருப்பான்.

நான் "மெல்ல" என்றேன்.

அவன் தலையாட்டினான். முழங்கையை மடக்கினான். அவ்வளவு கனத்தை அப்படி இறக்க எந்த மனிதனாலும் முடியாது. அவன் உடம்பு வளைந்தது, பார் பின்பக்கம் சரிந்தது, கை கூடவே போனது. சத்தம் பெரிதாக இல்லை. பார் அவன் மேல் விழுந்ததால் தரை அதிரவில்லை.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கட்டுப் போட்டுத் தூக்க விட்டது கோச்சக்காவின் அலட்சியம் என்று சொல்லிக் கூடத்தை மூடினீர்கள். அவரைத் தினமும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி உட்கார வைத்தீர்கள். அவர்தான் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த துணியை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இதோ உங்கள் மேஜை மேல் இருக்கும் பையில் இருக்கிறது. அது கிடங்கு முடிச்சு. கனம் ஏற ஏற இறுகும், ஒரு கையால் அவிழ்க்க வராது. எங்கள் ஆட்கள் எல்லோரும் போடுவார்கள். ஆனால் நான் இடது கைக்காரன். என் முடிச்சின் நுனி மறுபக்கம் விழும். நீங்கள் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கூப்பிடாவிட்டாலும் நானே வந்திருப்பேன். அந்த அக்கா மேல் தப்பில்லை. அவர் போடத்தான் சொல்லிக்கொடுத்தார். பயிற்சியைத் தேர்ந்தெடுத்தது நான், பொய் சொன்னது நான், கையைக் கிழித்ததும் கட்டியதும் நான். கடைசி வார்த்தையும் என்னுடையது. ஒவ்வொன்றும் தெரிந்து செய்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கிடங்கில் எனக்கு இப்போது வாசல் காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தில் இப்படி நடந்துவிட்டதே என்று மேஸ்திரியே முதலாளியிடம் பேசி வாங்கித் தந்தார். ஜோடி தேவையில்லை, உட்கார்ந்தே பார்க்கலாம். நான் இதை எதிர்பார்த்துச் செய்யவில்லை. கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நீங்கள் என்னை உள்ளே வைப்பதற்கு முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும். தம்பியைத் தூக்குவது நான்தான். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, சாயங்காலம் திரும்பவும். அசையாத உடம்பு எந்தப் பாரையும்விடக் கனம், பிடிமானமும் கிடையாது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு செய்கிறேன். என் மனைவியால் முடியாது. கட்டை வந்தால் தம்பி அவன் தோளில் சாய்ந்துகொள்வான், ஆனால் கட்டை தினமும் வருவானா? சுத்தம் செய்வது, துணி மாற்றுவது, முதுகில் புண் வராமல் திருப்பிப் போடுவது எல்லாம் நான்தான். முகம் சுளித்தது கிடையாது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவனைக் கீழே தவறவிட்டது கிடையாது.

அவன் அண்ணியோடு பேசுகிறான். ஒட்டகம் வந்தால் சிரிக்கக்கூடச் செய்கிறான். கோச்சக்கா வந்த அன்று இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் நுழைந்தால் மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறான். நான் அவசரப்படுத்தவில்லை, பேசும்போது பேசட்டும். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது ஐயா. பெற்றவர்கள் இருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டார்கள். என் தம்பி எனக்கு ஒரு நன்றி பாக்கி.